குழந்தை நலம்: மருத்துவமனைக்கு வெளியே

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் குழந்தைகள் நல மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மழைக்காலத்தில் குழந்தைகளுக்கு வரும் நோய்களைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். காய்ச்சலுக்கும் பேதிக்கும் செய்ய வேண்டியவற்றைத் துண்டறிக்கையாக அச்சிட்டுத் தந்துள்ளேன், வாயிலில் பெற்றுக்கொள்ளலாம். இங்கே வேறொன்றைப் பேச அனுமதி வேண்டுகிறேன்.

இளைப்போடு ஒரு குழந்தை வருகிறது. ஆவி மருந்து கொடுக்கிறோம், மூச்சு சீராகிறது, வீட்டிற்கு அனுப்புகிறோம். பத்து நாளில் அதே குழந்தை மீண்டும் வருகிறது. விசாரித்தால், ஐந்து பேர் உறங்கும் ஒற்றை அறை. இருக்கும் ஒரு சன்னலும் லாரிகள் ஓடும் சாலையை நோக்கியது என்பதால் திறப்பதில்லை. இரவெல்லாம் கொசுவர்த்திப் புகை. அந்த அறைக்கு மருந்துச் சீட்டு எழுத எனக்கு வழியில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பாரி சக்கர்மேன் என்ற குழந்தை மருத்துவர் இதே சிக்கலைக் கண்டார். பூஞ்சை பிடித்த வாடகை வீடுகளிலிருந்து வரும் ஆஸ்துமா குழந்தைகளுக்கு மருந்து மட்டும் போதாது என்றுணர்ந்து, 1993-ஆம் ஆண்டு தம் மருத்துவமனையிலேயே வழக்கறிஞர்களைப் பணியமர்த்தினார். வீட்டு உரிமையாளர்கள் சட்டப்படி பழுது பார்க்க வேண்டியதை அவர்கள் பார்க்கச் செய்தார்கள். குழந்தை மருத்துவத்தில் இப்படியும் ஒரு வழி உண்டு என்பதை அங்குள்ள பல மருத்துவமனைகள் பின்னர் ஏற்றுக்கொண்டன.

நமது மாநிலமோ இதை அதற்கும் முன்பே அறிந்திருந்தது. காமராசர் ஆட்சியில் 1956-ஆம் ஆண்டு பள்ளிகளில் தொடங்கிய மதிய உணவும், 1982-ஆம் ஆண்டு எம்.ஜி.ஆர். அவர்கள் விரிவாக்கிய சத்துணவுத் திட்டமும் நாம் யாவரும் அறிந்தவை. அதிகம் பேசப்படாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். 1980-ஆம் ஆண்டு உலக வங்கியின் கடனுதவியோடு மதுரை மாவட்டத்தில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கப்பட்டது. மருத்துவமனைக்கு யார் வருகிறார்கள் என்று அது காத்திருக்கவில்லை. அந்தந்த ஊரைச் சேர்ந்த ஒரு பெண்மணி, பெரும்பாலும் தம் பிள்ளைகளை நன்றாக வளர்த்துக் காட்டிய ஏழைத் தாய், ஊட்டச்சத்துப் பணியாளராக அமர்த்தப்பட்டார். 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை அவர் மாதந்தோறும் எடை பார்த்து அட்டையில் குறித்தார். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள்கள் சத்துருண்டை, தேறிவிட்டால் நிறுத்தப்படும். கூடவே தாய்க்கு வீட்டுச் சமையலிலேயே என்ன மாற்றம் செய்யலாம் என்ற அறிவுரை.

இதில் உருண்டையைவிடத் தராசே பெரிது என்பது என் கருத்து. மெலிந்துபோன குழந்தையை யாரும் கண்டுகொள்வர். மெலியத் தொடங்கும் குழந்தையைத் தராசு மட்டுமே கண்டுகொள்ளும். அத்திட்டம் பிற்காலத்தில் அங்கன்வாடித் திட்டத்தோடு இணைந்துவிட்டது. எடை பார்க்கும் பழக்கம் மட்டும் இன்றும் அங்கன்வாடியில் தொடர்கிறது. ஆனால் நம்மில் பலர் அங்கன்வாடியைச் சத்துமாவு வாங்கும் இடமாக மட்டுமே எண்ணுகிறோம். சற்று வசதி வந்துவிட்டால், "அது இல்லாதவர்களுக்கு" என்று சொல்லிக் குழந்தையை அனுப்புவதும் இல்லை. தனியார் மழலையர் பள்ளியில் சீருடை உண்டு, ஆங்கிலப் பாட்டு உண்டு. மாதம் ஒருமுறை எடை பார்த்து எழுதி வைப்பவர் எத்தனை பள்ளிகளில் உண்டு?

2013-ஆம் ஆண்டு தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்திலும் இதே இடைவெளி உள்ளது. ஒன்றியந்தோறும் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இருமுறையும், அரசு மற்றும் உதவிபெறும் பள்ளிகளுக்கு ஒருமுறையும் வந்து, பிறவிக் குறை, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றைக் கண்டறிகின்றன. இதயத்தில் ஓட்டை, உதட்டுப் பிளவு, வளைந்த பாதம், காது கேளாமை எனக் கண்டறியப்பட்டால் மேற்சிகிச்சைக்கு அரசே வழி செய்கிறது. மெட்ரிகுலேஷன் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளை இக்குழு தேடி வருவதில்லை. காது சரியாகக் கேளாத பிள்ளையை "மந்தம்" என்று கடைசி வரிசையில் அமர்த்திய செய்தியை இரண்டு மூன்று முறை கேட்டிருக்கிறேன். அதில் ஒன்று நல்ல கட்டணம் வாங்கும் பள்ளி. மக்தபுக்கு மாலையில் வரும் பிள்ளைகளையாவது ஆண்டுக்கு ஒருநாள் பரிசோதிக்க ஜமாஅத் ஏற்பாடு செய்தால், நானும் உடன் பணியாற்றும் மருத்துவர்களும் வருவதற்குத் தயார்.

பீகார், ஒடிசா மாநிலங்களிலிருந்து சிப்காட்டில் வேலைக்கு வந்திருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளையும் இதில் விட்டுவிடலாகாது. நம்மில் சிலர் அவர்களுக்கு வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கிறோம். அங்கன்வாடியும் தடுப்பூசியும் எம்மாநிலத்துக் குழந்தைக்கும் உரியவை. மொழி தெரியாமையால் அத்தாய்மார்கள் போவதில்லை. வாடகை வாங்கப் போகும்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அடுத்து நம் ஊருக்கே உரிய ஒரு செய்தி. கும்மிடிப்பூண்டிப் பகுதியில் எஃகு ஆலைகளோடு, பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் பிரிக்கும் ஆலைகளும் உள்ளன. தொழில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் வீடுகளில் அடுப்பு எரிவது அத்தொழில்களால்தான். ஆயினும் ஈயம் குழந்தையின் மூளைக்குப் பகை. இந்த அளவு வரை பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க அளவே இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கூற்று. வயிற்றுக்குள் சென்ற ஈயத்தைப் பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் நான்கைந்து மடங்கு மிகுதியாக ஈர்த்துக்கொள்கிறது. சென்னையில் 3 முதல் 7 வயது வரையுள்ள 756 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2009-ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், ரத்தத்தில் ஈயம் மிகுந்த குழந்தைகளிடம் கவனக் குறைவும் நடத்தைச் சிக்கல்களும் மிகுந்திருந்தன. 2000-ஆம் ஆண்டிலேயே நம் நாட்டுப் பெட்ரோலில் ஈயம் நீக்கப்பட்டுவிட்டது என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

ஆலைக்குள் குழந்தை போவதில்லை. ஈயம்தான் தந்தையின் சட்டையில் ஏறி வீட்டிற்கு வருகிறது. வேலை முடித்து வந்தவுடன் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவது அன்பு. ஆனால் அத்தூசி பிள்ளையின் கையிலும், கையிலிருந்து வாயிலும் சேர்கிறது. ஆகவே இத்தகைய ஆலைகளில் பணிபுரிவோர் அங்கேயே குளித்து உடை மாற்றி வர வேண்டும். அவ்வசதியைக் கேட்டுப் பெறுவது தொழிலாளியின் உரிமை. வேலைத் துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கலாகாது. மேலும் ஒன்று: உடலில் இரும்புச் சத்து குறைந்த குழந்தை ஈயத்தை இன்னும் மிகுதியாக ஈர்க்கும். முருங்கைக் கீரையும் முட்டையும் ஈயத்தோடும் தொடர்புடையவை என்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். பார்த்த மாத்திரத்தில் ஈயப் பாதிப்பு தெரியாது. ரத்தப் பரிசோதனைதான் காட்டும். பேட்டரி ஆலைப் பணியாளர் வீட்டுக் குழந்தை எனில், என்னிடமானாலும் வேறு மருத்துவரிடமானாலும் அதை முதலில் சொல்லுங்கள். தந்தையின் தொழிலைக் கேட்க மறந்துவிடும் மருத்துவர்களும் உண்டு.

காலைப் பசியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2022-ஆம் ஆண்டு மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2024-ஆம் ஆண்டு ஜூலையில் நம் திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியிலிருந்து ஊரகப் பகுதி உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. அதில் பிள்ளைகள் உண்பதைக் கௌரவக் குறைவாக எவரும் கருத வேண்டியதில்லை.

இறுதியாக, சிலருக்குக் கசப்பாக இருக்கக்கூடிய ஒரு செய்தி. பிறக்கும்போது இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த குழந்தை, தன் முதல் ஆண்டைக் கடப்பதற்கே போராடுகிறது. தாய் இன்னும் வளர்ந்து முடியாத சிறுமியாக இருக்கும்போது இது மிகுதியாக நேர்கிறது. தன் வளர்ச்சிக்கே போதாத உடலில் இன்னொரு உடல் வளர வேண்டியிருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் பெண்ணுக்கு 18 வயதை வரையறுத்துள்ளது. இது குறித்த சட்ட விவாதங்களுக்குள் நான் செல்லவில்லை. மருத்துவனாக மட்டுமே பேசுகிறேன். மருத்துவமனை தலையிடும்போது அந்தப் பெண் ஏற்கெனவே கர்ப்பிணி. அதற்கு ஓராண்டு முன்னதாகத் தலையிடும் வாய்ப்பு உள்ள இடம் நிக்காஹ் பதிவேடு. அது உங்கள் கையில் இருக்கிறது.

இன்றைய நிகழ்ச்சி நிரலில் பதிவேட்டைப் புதுப்பிக்கும் பொருள் ஒன்று இருப்பதாக அறிகிறேன். மணமகளின் பிறப்புச் சான்றிதழ், அது இல்லையெனில் பள்ளி மாற்றுச் சான்றிதழ், இவற்றில் ஒன்றின் நகலைப் பெற்ற பின்னரே தேதி குறிப்பது என்ற விதியை அதனோடு சேர்த்துப் பரிசீலிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். ஐயம் உள்ளவர்கள் உணவுக்குப் பின் அலுவலக அறையில் என்னைச் சந்திக்கலாம்.