கரிகாலனைக் கொன்றது யார்?



எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரலாற்று வட்டம் கூடுகிறது. யார் வேண்டுமானாலும் வரலாம், எதை வேண்டுமானாலும் கேட்கலாம். பதில் சொல்ல எழுந்திருப்பவர் மட்டும் ஆதாரத்தோடு எழுந்திருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. 2022-இல் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவல் திரைக்கு வந்த பிறகு, எந்தத் தலைப்பில் கூட்டம் போட்டாலும் கடைசியில் ஒரு கை உயரும்: "ஐயா, ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்?"

கரிகாலன் சோழ இளவரசன், முதலாம் ராஜராஜனின் அண்ணன். இந்தக் கேள்வி வந்தால் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "நீங்கள் இதை எங்கே படித்தீர்கள்?" என்றுதான். மடக்குவதற்காக அல்ல. கதையில் படித்ததா, கல்லில் உள்ளதா என்று பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். நாவலில் வரும் நந்தினியின் ஊர் எது என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டாள். நந்தினி கல்கியின் மனத்தில் பிறந்தவள் என்றதும் அவள் முகம் வாடிவிட்டது. "ஆனால் அதே கதையில் வரும் ரவிதாசன் நிஜம் அம்மா, அவன் பேர் கல்லிலே இருக்கு" என்றேன். உடனே நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அந்தக் கல்லைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச ஆசை. சிதம்பரத்துக்குத் தென்மேற்கே, வீராணம் ஏரிக்குப் பக்கத்தில் காட்டுமன்னார்கோயில். அன்றைய பெயர் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம். அங்கே உடையார்குடியில் அனந்தீசுவரம் என்ற சிவன் கோயில். அதன் சுவரில் உள்ள கல்வெட்டை 1920-இல் தொல்லியல் துறையினர் படியெடுத்தார்கள். முதலாம் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு, அதாவது ஏறத்தாழ 987.

நேயர்களே, இதில் என்னை எப்போதும் வியக்கவைப்பது ஒன்று. கொலையை உலகுக்குச் சொல்வதற்காக யாரும் இதை வெட்டவில்லை. அடிப்படையில் இது ஒரு நிலம் விற்ற, அறம் வைத்த ஆவணம். பல்லவரையன் என்ற பட்டம் கொண்ட ஒருவன் 112 கழஞ்சு பொன் கொடுத்து நிலமும் மனைகளும் வாங்குகிறான். அதைக் கொண்டு நாள்தோறும் 15 பிராமணர்களுக்கு உணவளிக்க ஏற்பாடு செய்கிறான். வாங்கிய நிலத்துக்கு மூலம் சொல்ல வேண்டாமா? இன்றைக்குப் பத்திரத்தில் எழுதுகிறோமே, அதே போலத்தான். அந்த மூலத்தைச் சொல்லும் இடத்தில் வருகிறது, பாண்டியன் தலைகொண்ட கரிகாலச் சோழனைக் கொன்று துரோகிகளானவர்களின் சொத்து இது என்று. சோமன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராயன், இன்னொரு தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழப் பிரமாதிராயன் என்று பெயர்களும் உண்டு. பட்டப்பெயர்களே சொல்கின்றன, இவர்கள் அரசாங்கத்தில் இருந்த பிராமணர்கள். சொத்து பறிபோனது இவர்களோடு நிற்கவில்லை. பேரப்பன்மார், பெண் கொடுத்த மாமன்மார், தாயுடன் பிறந்த மாமன்மார், இவர்களின் சகோதரிகளையும் மகள்களையும் மணந்தவர்கள் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. ஒரு வரலாற்று நூல் நமக்குத் தராத செய்தியை ஒரு நிலப் பத்திரம் தருகிறது!

இதோடு ஒப்பிடத் திருவாலங்காட்டுச் செப்பேட்டைப் பாருங்கள். ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் காலத்தது. ஆதித்த கரிகாலன் விண்ணுலகம் காண விரும்பிப் போய்விட்டான் என்று கவிநயமாகக் கடந்துவிடுகிறது. கொலை என்ற பேச்சே இல்லை. குடிகள் அருண்மொழியை, அதாவது பின்னாளின் ராஜராஜனை, ஆளச் சொன்னார்கள், சிறிய தந்தை ஆசைப்படும்வரை எனக்கு வேண்டாம் என்று அவன் மறுத்தான் என்கிறது. அந்தச் சிறிய தந்தைதான் ராஜராஜனுக்கு முன் ஆண்ட உத்தம சோழன்.

இங்கேதான் கூட்டத்தில் குரல் உயரும். அப்படியானால் ஏவியது உத்தமன்தானே? வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் அவன் மேல் ஐயம் கொண்டார். உத்தமன் ஆட்சி முடிந்து, ராஜராஜன் வந்த பிறகல்லவா நடவடிக்கை தெரிகிறது என்பது காரணம். இன்னொரு வரலாற்றாசிரியரான சதாசிவப் பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. எனக்கும் பண்டாரத்தார் பக்கமே மனம் சாய்கிறது. உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் ராஜராஜன் ஆட்சியில் உயர்ந்த பொறுப்பில் இருந்து கோயில் கணக்குகளை ஆராய்ந்தவன். ராஜராஜனின் அண்ணனைக் கொல்லச் சொன்னவன் மகனுக்கு அந்த இடம் கிடைக்குமா? ஆனால் இது என் ஊகம். கூட்டத்தில் சொல்லும்போதும் ஊகம் என்று சொல்லித்தான் சொல்வேன். கொன்றவர்களின் பெயர்கள் கல்லில் உள்ளன, அது சான்று. ஏன் கொன்றார்கள், யார் தூண்டினார்கள் என்பதைக் கல் சொல்லவில்லை.

ஒரு முறை ஒரு பெரியவர் எழுந்து, கொன்றவர்கள் பிராமணர்கள் என்பதை வைத்து இன்றைய ஒரு சமூகத்தையே ஏச ஆரம்பித்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொருவர், கல்வெட்டே பொய் என்றார். இரண்டு பேரையும் நிறுத்திவிட்டு, வாசகத்தை முழுவதும் வாசிக்கச் சொன்னேன். அரசனின் ஆணையான திருமுகம் யாருக்கு வந்தது? அந்த ஊர்ப் பிராமண சபைக்கு. சொத்தை மேற்பார்வையிட வந்தவர்கள் யார்? அவர்களும் பிராமணர்கள். அந்த நிலத்தின் வருவாயில் உண்டவர்களும் பிராமணர்களே. முழுக் கல்வெட்டையும் கேட்டபின் ஏச்சுக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. பெரியவர் அமைதியாக உட்கார்ந்து, தம் நோட்டுப் புத்தகத்தில் 112 கழஞ்சு என்று எழுதிக்கொண்டார். அன்று எனக்கு ஏற்பட்ட நிறைவு கொஞ்சமல்ல. என்னைக் கேட்டால், வாயை மூடச் சொல்வதைவிட முழு வாசகத்தையும் கையில் கொடுப்பதுதான் ஒரு சபையை நடத்தும் வழி.

படியெடுக்கும் முறை, ஆட்சியாண்டைக் கணக்கிடும் முறை பற்றியெல்லாம் சொல்ல நினைத்தேன், நேரம் நெருங்குகிறது. உங்கள் ஊர்க் கோயில் சுவரிலும் எழுத்து இருக்கலாம், தயவுசெய்து அதன் மேல் சுண்ணாம்பு பூச விடாதீர்கள். காட்டுமன்னார்கோயில் பக்கம் போனால் அனந்தீசுவரத்தை ஒரு முறை பாருங்கள். மனத்தில் எழும் கேள்வியை எழுதி வையுங்கள், எங்கே படித்தீர்கள் என்பதையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் நூலகத்திலும் இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் தொடங்கும் என்று நம்புகிறேன்.