வெந்நீருக்கு ஒரு கணக்கு

தெற்கேயிருந்து தில்லிக்குக் குடிவந்தவர்க்கு முதல் மார்கழியிலேயே ஓர் உண்மை விளங்கிவிடும். குழாயில் வரும் நீர் நீராடுவதற்கன்று. விரலை நனைத்து அஞ்சுவதற்கே. ஆகவே வாளியில் அமிழ்த்தும் ஹீட்டர் ஒன்றை வாங்குகிறோம். வாங்கியதைச் சுவரில் முதலில் கண்ட சாக்கெட்டில் செருகிவிடுகிறோம்.

எங்கள் இல்லத்திலும் அவ்வாறே நடந்தது. மாற்றலாகிச் சென்ற குடும்பத்தாரிடம் வாங்கிய பழைய ஹீட்டர். எத்தனை வாட் என்னும் எழுத்து அழிந்துபோயிருந்தது. மேசை விசிறிக்கென இருந்த 6 ஆம்பியர் சாக்கெட்டில் அதை மாட்டினோம். நான்காம் நாள் காலை, பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படும் வேளையில், ஏதோ கருகும் நாற்றம். பிளக்கைத் தொட்ட எம் துணைவியார் கையை உதறினார். சாக்கெட்டின் முகம் கறுத்திருந்தது.

மின்பணியாளர் வந்தார். சமையலறையிலிருந்த பெரிய சாக்கெட்டில் ஹீட்டரை மாட்டி அளந்து, அழுத்தம் 220 வோல்ட், ஓட்டம் 8 ஆம்பியர் என்று இரண்டே எண்களைச் சொன்னார். கலைப்பாடம் பயின்ற நமக்கு இவ்விரண்டு போதும். ஜெர்மானிய அறிஞர் ஓம் 1827-இல் நூலாக வெளியிட்ட விதிப்படி, அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் மின்தடை வரும், 27.5 ஓம். இரண்டையும் பெருக்கினால் திறன், 1760 வாட். அழிந்த எழுத்து ஒருவாறு மீண்டது.

மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் இடையே ஒரு சொல். செய்தித்தாளில் 'மின்தடை' என்றால் மின்சாரம் நின்றுபோவது. இங்கு நாம் சொல்வது, மின்சாரம் ஓடும்போதே கம்பி அதற்குக் காட்டும் எதிர்ப்பு. ஒரே சொல் இரு வேலை பார்க்கிறது; என் செய்வது!

சாக்கெட் ஏன் கருகிற்று? அதனுள் தளர்ந்திருந்த பித்தளை இதழின் தடை அரை ஓம் என்று கொள்வோம். ஓட்டத்தை ஓட்டத்தாலேயே பெருக்கி, அதைத் தடையாலும் பெருக்கினால் அங்கே பிறக்கும் வெப்பம் தெரியும். எட்டெட்டு அறுபத்து நான்கு. அதில் பாதி 32 வாட். ஈயப்பற்று வைக்கும் சிறு கோலின் சூடு ஏறக்குறைய அவ்வளவே. அதே இடத்தில் 100 வாட் பல்பை மாட்டினால் ஓட்டம் அரை ஆம்பியருக்கும் குறைவு. இதழில் பிறப்பது பத்தில் ஒரு வாட். பல்லாண்டு விசிறிக்கு உழைத்த சாக்கெட் நான்கே நாளில் கருகியதன் காரணம் இதுதான். ஓட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகிறது.

குளிர்காலக் காலையில் தெருவெங்கும் ஹீட்டர் எரிய, அழுத்தம் 176 வோல்ட்டுக்கு இறங்கிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹீட்டரின் தடை மாறுவதில்லை என்றே சொல்லலாம். ஓட்டம் 6.4 ஆம்பியர், திறன் சுமார் 1126 வாட். அழுத்தம் ஐந்திலொரு பங்கு குறைய, வெப்பம் மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. தண்ணீர் காயவில்லையே என்று ஹீட்டரைப் பழிப்பதில் பயனில்லை. இழை பல்புக்கு இக்கணக்கு அப்படியே பொருந்தாது. எரியும்போது அதன் தடை பல மடங்கு ஏறும்.

எங்கள் இல்லத்தில் ஹீட்டருக்கெனத் தடித்த செப்புக் கம்பி இழுத்து, நிலத்தொடர்புடன் 16 ஆம்பியர் சாக்கெட் பொருத்தினார்கள். கறுத்ததைக் கழற்றிவிட்டு அவ்விடத்தில் புதிய சிறு சாக்கெட் வைத்தோம். அதில் இப்போது வானொலிப் பெட்டி பாடுகிறது.