கடைசிக் குடும்பும் விடுபடலாகாது



கணிப்பொறி நமக்கு எட்டாத கலையன்று. ஒரே வேலையை, குறித்த எல்லை வரும் வரை திரும்பத் திரும்பச் செய்யுமாறு இடும் கட்டளைக்கு மடக்கு, அதாவது லூப், என்று பெயர்.

நம் திருப்புலிவனத்தின் அண்டை ஊராகிய உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரிலுள்ள முதலாம் பராந்தகன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு குடவோலை முறையைக் கூறுகிறது. ஊர், குடும்பு எனப்படும் 30 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்புதோறும் தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு ஓர் ஓலையை எடுத்தனர். ஒரே செயல், 30 முறை. இதுவே மடக்கு.

பைத்தான் மொழியில் 'ஃபார் குடும்பு இன் ரேஞ்ச்(1, 31)' என எழுதி, இறுதியில் முக்காற்புள்ளி இடுவோம். அடுத்த வரிகளை உள்தள்ளி எழுதினால் அவை 30 முறை நடைபெறும். 31 எதற்கு? ரேஞ்ச், இறுதி எண்ணுக்கு முந்தைய எண்ணிலேயே நின்றுவிடும். 30 என்று எழுதினால் கடைசிக் குடும்பு விடுபடும்; கணிப்பொறியோ பிழை என்றும் சொல்லாது.

அக்கல்வெட்டு நிலத்தையும் வேதக் கல்வியையும் தகுதியாக்கியது. நம் முன்னோர் பெயர் எந்த ஓலையிலும் ஏறவில்லை. எழுதியவர் விட்டதை, எத்தனை முறை சுழன்றாலும் மடக்கு சேர்க்காது. இன்று உதவித்தொகைப் பட்டியலையும் கணிப்பொறியே தொகுக்கிறது. ஆகவே, நிபந்தனை எழுதும் கைகளில் நம் பிள்ளைகளின் கையும் இருத்தல் வேண்டும். கடைசித் தெருவும் கணக்கில் வந்ததா எனச் சரிபார்க்கும் கண் நம்முடையதாகட்டும்!