விழுந்த பல்லை வீசாதீர்கள்!
(தோட்டக் கிளைச் சங்கக் கூட்டத்தில் ஒரு கிராணி ஆற்றிய உரை)



சம்பளம், லீவு என்று பேசிப் பழகிய மேடையில் இன்று பல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள், சிரிப்பதற்கும் பல் வேண்டுமல்லவா?

என் அண்ணன் மகனுக்கு அப்போது 12 வயது. லயத்துக்கு முன்னால் பந்து விளையாடும்போது விழுந்தான். மேல் முன்பல் ஒன்று வேரோடு கழன்று மண்ணில் கிடந்தது. “கூரைமேல் எறி, முளைக்கும்” என்றார் ஒரு பாட்டி. நான்தான் படித்தவனாயிற்றே! பல்லை எடுத்து, மண் போகத் தேய்த்துக் கழுவி, கைக்குட்டையில் முடிந்து வைத்தேன். ஆபீஸ் வேலை முடிந்த பிறகு டவுனுக்குக் கூட்டிப் போனேன். “உலர விட்டுவிட்டீர்களே!” என்றார் பல் வைத்தியர். பையன் இன்று கட்டுப்பல்லோடு திரிகிறான். பாட்டி செய்ய இருந்ததும் நான் செய்ததும் ஒன்றுதான். அந்தத் தவறு உங்கள் வீட்டில் நடக்கக் கூடாது.

பல்லின் வேர்மேல் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. பல்லைத் தாடையோடு பிடித்து வைப்பது அதுதான். பல் வெளியே விழுந்த பின்னும் அதில் உயிர் இருக்கும். தேய்த்தால் அது கிழியும், உலர்ந்தால் சாகும். ஒரு மணி நேரம் உலர்ந்து கிடந்தால் பெரும்பாலும் பிழைக்காது.

ஆகவே, பல்லை உடனே தேடி எடுங்கள். வெள்ளைப் பகுதியைப் பிடியுங்கள், வேரைத் தொடாதீர்கள். அழுக்கு இருந்தால் பாலிலோ குளிர்ந்த தண்ணீரிலோ சில விநாடி அலசினால் போதும். சோப்பு வேண்டாம், துணியால் துடைக்கவும் வேண்டாம். பிறகு, முன்புறம் முன்னால் இருக்கும்படி, பல்லை அதன் குழியிலேயே மெல்லப் பொருத்துங்கள். சுத்தமான துணியைக் கடித்துக்கொண்டு பல் வைத்தியரிடம் ஓடுங்கள். அவர் பக்கத்துப் பல்லோடு சேர்த்து ஏறக்குறைய 2 வாரம் கட்டி வைப்பார்.

பொருத்த முடியவில்லையா? பல்லைப் பாலில் போட்டுக் கொண்டு போங்கள். பால் என்றதும் வாளியைத் தூக்காதீர்கள்! நான் சொல்வது பசும்பால். மரத்துப் பாலும் அல்ல, டின்னில் வரும் இனிப்புப் பாலும் அல்ல. பால் கிடைக்காவிட்டால் அடிபட்டவரின் எச்சிலிலேயே பல்லை வையுங்கள். வெறும் தண்ணீரில் ஊற வைக்காதீர்கள். நேரம் கடந்துவிட்டாலும் பல்லை எறியாமல் கொண்டு போங்கள். முடிவை வைத்தியர் சொல்லட்டும்.

இரண்டு எச்சரிக்கை. குழந்தையின் பால்பல் விழுந்தால் திரும்பப் பொருத்தாதீர்கள். உள்ளே வளரும் பல் கெட்டுவிடும். அடிபட்டவர் மயங்கினாலும் வாந்தி எடுத்தாலும் பல்லை மறந்து முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மண்ணில் விழுந்த காயம் என்றால் இசிவு நோய்த் தடுப்பூசி பற்றியும் கேளுங்கள்.

தோழர்களே! பெரட்டுக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிள் சறுக்கி அடிபட்டாலும் அது வேலை விபத்தே. 1969ஆம் ஆண்டுச் சொக்சோ சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அன்றே நிர்வாகத்துக்குத் தெரிவியுங்கள். வைத்தியர் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

பக்கத்துப் பல் கிளினிக் எங்கே, அவசரத்துக்கு யார் வண்டி எடுப்பார் என்பதை இன்றே லயத்துக்கு லயம் பேசி வையுங்கள். பல் விழுந்த பிறகு யோசிக்க நேரம் இருக்காது.