தூண்டிற் கோலும் கடல் வலையும்

(கடலூர், சிதம்பரம் வட்டாரக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



மீன் பிடிக்கும் கருவி என்றவுடன் தேவனாம்பட்டினத்தாருக்கும் பரங்கிப்பேட்டையாருக்கும் வலையே நினைவுக்கு வரும். நீலகிரியில் அவ்வாறன்று. 20-ஆம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் வில்ஸன் என்னும் ஆங்கிலேயர் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் சாலை ஏற்படுத்தி, டிரவுட் என்னும் அயல்நாட்டு மீனை மலையோடைகளில் பெருக்கினார். அம்மீனைப் பிடிக்கச் சென்ற துரைமார் தூண்டிலில் மண்புழுவைக் கோக்கவில்லை. கோழியிறகையும் பட்டு நூலையும் முள்ளின்மேல் சுற்றி, ஈயைப் போன்ற பொய்ப்பூச்சி ஒன்றைக் கட்டி, அதை நீர்மேல் மெல்ல விழும்படி வீசினர். அது அவர்களுக்குப் பொழுதுபோக்கு. கடற்கரையாருக்கோ மீன்பிடிப்பு வயிற்றுப் பிழைப்பு. ஆயினும் இருவருடைய கருவிகளும் ஒரே வழியில் மாறி வந்திருக்கின்றன என்பது கவனிக்கத்தக்கது.

துரையின் கோல் மூங்கிலைச் சீவி ஆறு பட்டைகளாக்கி ஒட்டியது. அவருடைய கயிறு எண்ணெய் ஊட்டிய பட்டு. கயிற்றின் நுனியில் கட்டிய மெல்லிய நரம்போ, பட்டுப்புழுவின் வயிற்றிலுள்ள பட்டுச் சுரப்பியை இழுத்து நீட்டி உலர்த்தியது. வேட்டை முடிந்ததும் பட்டுக் கயிற்றை அவிழ்த்துக் காயவைக்காவிட்டால் அது மக்கிப்போகும். கடலூர்க் கரையிலும் இதே தொல்லைதான். பருத்தி நூலாலும் சணப்பு நாராலும் பின்னிய வலையை நாள்தோறும் மணலில் விரித்து உலர்த்தவேண்டும். மரப்பட்டைச் சாயத்திலும் பனிச்சங்காய்ச் சாற்றிலும் அடிக்கடி தோய்க்கவேண்டும். கடலுக்குப் போகும் நாள் பாதி, வலையைப் பேணும் நாள் பாதி. ஆனால் அந்த நூலை நூற்றதும் வலையைப் பின்னியதும் பெரும்பாலும் வீட்டார் கைகளே. கருவிக்கு உழைப்பு மிகுதி; ரொக்கச் செலவு குறைவு.

பிச்சாவரம் கழியில் இருளர் மக்களுக்கு இவ்வளவும் வேண்டியதில்லை. இடுப்பளவு நீரில் இறங்கிக் கையால் துழாவி இறாலைப் பிடிப்பர். பனையோலையால் முடைந்த பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, அகப்பட்டதை அதில் இடுவர். அதைவிட எளிய கருவி வேறொன்றைக் காட்டுவது அரிது.

1935-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கரோத்தர்ஸ் என்னும் ரஸாயன நிபுணர் நைலான் இழையைக் கண்டுபிடித்தார். சில ஆண்டுகளுக்குள் தூண்டிற்காரரின் பட்டு நரம்பை அது ஒழித்தது. 1950-ஐ அடுத்த ஆண்டுகளில் தமிழ்நாட்டுக் கடற்கரையிலும் புகுந்து பருத்தி வலையை ஒழிக்கத் தொடங்கிற்று. கோலின் கதையும் இதுவே. மூங்கிலுக்குப் பதிலாகக் கண்ணாடியிழையும், 1970-க்குப்பின் கரியிழையும் வந்தன. அதே கண்ணாடியிழைதான் பைபர் படகாகக் கடலூருக்கும் வந்தது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை மரங்களையும் வலைகளையும் வாரிக்கொண்டு போனபின், நிவாரணமாக வந்தவற்றுள் அப்படகுகளே மிகுதி. கட்டுமரம் கரையில் அருகிவிட்டது.

மக்காத வலையால் விளைந்த நன்மையை மறுப்பாரில்லை. தீமையும் அந்த மக்காத குணத்திலிருந்தே பிறந்தது. கடலில் அறுந்து போன பருத்தி வலை மக்கி மறையும். அறுந்த நைலான் வலையோ ஆளில்லாமலே நெடுங்காலம் மீனைக் கொன்றுகொண்டிருக்கும். மற்றொன்று, நைலானும் படகும் எஞ்சினும் கடையில் வாங்கும் பொருள்கள். கையில் ரொக்கம் வேண்டும். அந்த ரொக்கத்தை முன்பணமாகக் கொடுக்கும் வியாபாரி, பிடிபடும் மீனைத் தன்னிடமே விற்கவேண்டும் என்று விதித்துவிடுகிறார். கருவி பெருகப் பெருகக் கடனும் பெருகிற்று. சர் பிரெடரிக் நிக்கல்ஸன் இவ்விரண்டு விஷயங்களையும் ஆராய்ந்தவர். 1895-லும் 1897-லும் அவர் வெளியிட்ட அறிக்கை, 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்திற்கு வழிகாட்டிற்று. 1907-ல் ஏற்பட்ட சென்னை மீன் இலாகாவுக்கும் அவரே மூலகர்த்தர். வலையையும் நாணயச் சங்கத்தையும் ஒருவரே நினைத்தது தற்செயலன்று.

இப்பொழுது கடலூர்க் கரையில் பெருவழக்காய் இருப்பது சுருக்குமடி வலையைப் பற்றிய வழக்கு. மத்தி மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து, அடியிலுள்ள வளையங்களில் ஓடும் கயிற்றை, பாட்டிமார் சுருக்குப்பையின் வாயை இழுப்பதுபோல் இழுத்துவிட்டால், கூட்டம் முழுதும் அகப்படும். விலை பல லட்சம். ஆகையால் பல குடும்பங்கள் பங்கு சேர்ந்தே வாங்குகின்றன. தமிழ்நாட்டு அரசு 2000-ஆம் ஆண்டில் இதைத் தடை செய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால் மட்டும், திங்களும் வியாழனும் பகற்பொழுதில் பிடிக்கலாம் என்று இடைக்கால உத்தரவிட்டது. பங்குபோட்டுக் கடன்பட்டவர் ஒரு பக்கம், சிறுவலைக்கு மீன் கிடைப்பதில்லை என்பவர் மறுபக்கம். இரு பக்கமும் உறவினரே. பங்குமுறை கூட்டுறவைப் போலத் தோன்றினும், கடலில் மீன் குறைந்தால் பங்காளிகள் அனைவரும் ஒருங்கே கடனாளியாவர் என்பதை மறக்கலாகாது.

இனி வருங்காலக் கருவி பெரியதாய் இருக்கவேண்டும் என்பதில்லை. தேர்ந்து பிடிப்பதாய் இருக்கவேண்டும். நீலகிரித் தூண்டிற்காரர் இதில் முன்னோடி. கொளுவி இல்லாத முள்ளைக் கட்டி, சிறு மீனைக் காயமின்றி நீரில் விட்டுவிடும் வழக்கம் இன்று அயல்நாடுகளில் பரவியிருக்கிறது. கடலில் வளைமுனைத் தூண்டிலில் ஆமைகள் சிக்குவது குறைவு. இழுவலையின் மடிநுனியில் சதுரக் கண் வைத்தால் குஞ்சுகள் தப்புகின்றன. தூண்டிலில் ஒவ்வொன்றாக ஏறும் வஞ்சிரம் நசுங்காமல் கரைக்கு வருவதால் விலையும் குறைவதில்லை. ஆகையால் கடன் மனுக்களில் அளவிற் பெரிய வலைக்குக் காட்டும் தாராளத்தைத் தூண்டில் கயிற்றுக்கும் கண்பெரிய வலைக்கும் சங்கங்கள் காட்டுவதே நியாயம்.

இதற்குக் காலமும் வாய்த்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. வலைகளைப் பிரித்துச் சீர்செய்வது அப்பொழுதே. நூல், முள், மிதவை, ஈயக்குண்டு ஆகியவற்றின் தேவையைப் பங்குனி மாதம் முடிவதற்குள் அங்கத்தினர்கள் தங்கள் சங்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால், காரியதரிசி அனைத்தையும் மொத்தமாகக் கொள்முதல் செய்து, தடை முடியுமுன் விநியோகிக்கலாம்.