ஊதியப் பணியும் சொந்தத் தொழிலும்

திருவறம் வளர்க!



ஆதிபகவன் விருஷபதேவர் மக்கள் வாழ்வதற்குக் காட்டியருளிய தொழில்கள் ஆறு: படை, எழுத்து, உழவு, கல்வி, வாணிகம், கைத்தொழில். மேல்சித்தாமூர்த் திருமடத்தைச் சூழ்ந்த திண்டிவனம், செஞ்சி, விழுப்புரம் பகுதிகளில் வாழும் தமிழ்ச் சமணர் நெடுங்காலம் கைக்கொண்டது உழவு. பின்னர் ஆசிரியப் பணியும் அரசு அலுவலும் பல குடும்பங்களுக்கு வழியாயின. பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் அரசுக் கல்லூரிகளில் பணியாற்றிக்கொண்டே சமண நூல்களை ஆராய்ந்தவர். ஆதலின் ஊதியப் பணி அடிமைத்தொழில் என்பதும், சொந்தத் தொழில் பேராசைக்கு வழி என்பதும் ஒருபக்கம் மட்டுமே கண்ட கூற்றுகளாம்.

திண்டிவனத்தை அடுத்த சிற்றூரில் பிறந்து, சென்னையில் மாதம் 40,000 ரூபாய் ஊதியம் பெறும் ஓர் இளைஞரை எண்ணிப் பார்க்கலாம். ஊருக்குத் திரும்பி, நிலக்கடலையை உடைத்துத் தரம் பிரித்து விற்க அவர் விரும்புகிறார். இடம் பொருத்தமானதே, திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த டி.எம்.வி. கடலை ரகங்கள் அவ்வூரின் பெயரையே தாங்கியவை. தந்தையோ, "மாதச் சம்பளத்தை விட்டு வருவதா?" என்று தயங்குகிறார்.

அத்தயக்கத்திற்குக் காரணம் உண்டு. ஊதியத்தின் மதிப்பு கைக்கு வரும் தொகை மட்டுமன்று. வருங்கால வைப்பு நிதிக்கு ஊழியர் செலுத்தும் 12 விழுக்காட்டோடு நிறுவனமும் தன் பங்கைச் செலுத்துகிறது. தொழில் தொடங்குபவர் முதுமைக்கும் நோய்க்கும் தாமே சேமிக்க வேண்டும். மேலும், அறுவடைக் காலத்தில் கடலை ஒருசேர வரும். விளைவித்தவருக்கு உடனே பணம் தரவேண்டும். விற்ற பணம் வந்து சேரப் பல வாரங்கள் ஆகலாம். அவ்விடைவெளியைத் தாங்கும் முதல் இல்லையேல், இலாபம் தரும் தொழிலும் கடனில் வீழும்.

மகனின் விருப்பத்திலும் நியாயம் உண்டு. பெற்றோரின் முதுமையில் அருகிருக்கலாம். ஊரில் நால்வருக்கு வேலை தரலாம். 2014 ஜனவரி 27 அன்று சமணர் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டனர். அதனால், 2008இல் தொடங்கிய பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் சிறப்புப் பிரிவினராக அவர்கள் இடம்பெறுகின்றனர். ஊர்ப்புறத் தொழிலுக்குச் சொந்த முதல் 5 விழுக்காடு, மானியம் 35 விழுக்காடு என்பது அதன் விதி. ஆனால் அம்மானியம் மூன்றாண்டு வங்கியில் வைப்பாகவே நிற்கும். அதைக் கைப்பணமாக எண்ணலாகாது.

பொருட்கணக்குக்கு மேல் அறக்கணக்கும் ஒன்று உண்டு. கள்ளாமை விரதத்திற்குத் தத்துவார்த்த சூத்திரம் கூறும் குற்றங்கள் ஐந்து: திருடத் தூண்டுதல், திருட்டுப் பொருளை வாங்குதல், அரசின் விதியை மீறுதல், அளவையில் கூட்டிக் குறைத்தல், போலிப் பொருளைக் கலந்து விற்றல். நல்ல கடலையில் சொத்தைக் கடலையைக் கலப்பது கடைசிக் குற்றமேயாகும். சம்பளம் பெறுபவரும் இதற்கு விலக்கல்லர். அலுவல் நேரத்தைச் சொந்த வேலைக்குச் செலவிடுவதும் பிறர் பொருளைக் கொள்வதே. ஆயின் பணியாளரிடம் கணக்குக் கேட்க மேலதிகாரி இருக்கிறார். சொந்தத் தராசின் முன் நிற்பவரை முதலில் கேட்க வேண்டியது அவர் நெஞ்சமே.

ஆகவே வேலையை விடுமுன் மூன்று அளவுகளை வகுத்துக்கொள்ளல் நன்று. ஓராண்டுக் குடும்பச் செலவு கையில் இருத்தல் வேண்டும். குடியிருக்கும் வீடும் முன்னோர் நிலமும் அடமானத்திற்குச் செல்லலாகாது. இவ்வளவு பொருள் போதும் என்னும் பரிக்கிரக அளவைத் தொழில் தொடங்கும் நாளிலேயே வகுத்தல் வேண்டும். இலாபம் வந்தபின் அவ்வளவை வகுப்பது அரிது.

இவற்றை வகுத்துக்கொண்டு மகன் வருவாராயின், தந்தை மனமுவந்து வாழ்த்தலாம். இயலவில்லையேல், வேலையில் இருந்தே இன்னும் ஓராண்டு சேமிப்பது இழுக்கன்று. எவ்வழியாயினும் விரதம் ஒன்றே.

வாழ்க திருவறம்!