பாதையும் மாயப் பயணமும்

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, கல்முனைக்குச் செல்லும் பெருவழியில் அமைந்துள்ளது குருக்கள்மடம் என்னும் ஊர். கிழக்கே கடலும் மேற்கே வாவியும் அமைந்த எழுவான்கரை ஊர்களுள் அஃது ஒன்று. வாவிக்கு அப்பாலுள்ளது படுவான்கரை. அங்குள்ள அம்பிளாந்துறைக்குச் செல்வோர் குருக்கள்மடத்துத் துறையிற் பாதை ஏறுவது வழக்கம். பாதை என்பது ஈண்டுத் தரைவழியன்று. ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் மிதவைக்கு மட்டக்களப்பு மக்கள் வழங்கும் பெயர் அது.

இளமையில் அப்பாதையில் ஏறிப் பழகிய முதியவர் ஒருவர் இப்பொழுது கனடாவிலே தம் பிள்ளைகளோடு வாழ்கிறார் என்று கொள்க. ஊர் வந்து திரும்ப அவருடைய உடல்நிலை இடங்கொடுக்கவில்லை. வாவியைக் கடக்கும் அந்தச் சிறு பயணத்தை அவர் இருக்கும் அறைக்கே கொண்டு சென்று கொடுத்தல் கூடுமோ? மெய்நிகர்க் காட்சி எனப்படும் புதிய கலை, கூடும் என்றே விடை கூறுகின்றது. அவ்விடை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஆராய்வது பயனுடையது.

இம்முயற்சி நேற்றுத் தோன்றியதன்று. இரு கண்களுக்கும் சிறிது வேறுபட்ட இரு படங்களைக் காட்டினால், மூளை அவற்றை ஒன்றாக்கி ஆழமுள்ள காட்சியாகக் கொள்ளும் என்பதை 1838ஆம் ஆண்டிலேயே சார்ள்ஸ் வீற்ஸ்ரன் என்னும் ஆங்கில விஞ்ஞானி விளக்கினார். அமெரிக்கரான மோட்டன் ஹைலிக் 1962இல் உரிமம் பெற்ற ‘சென்சொராமா’ என்னும் பொறியிலே படத்தோடு ஒலியும், காற்றும், மணமும், இருக்கையின் அதிர்வும் சேர்ந்திருந்தன. ஆயினும், அதில் அமர்ந்தவர் தலையைத் திருப்பினாற் காட்சி திரும்பாது. அக்குறையை நீக்கும் வழியை 1968இல் ஐவன் சதலன்ட் காட்டினார். அவர் அமைத்த தலையணிக் கருவி கூரையிலிருந்து தொங்கிற்று. அதனை அணிந்தவர் எப்பக்கம் திரும்பினாரோ அப்பக்கத்துக்குரிய கோட்டுச் சித்திரத்தைக் கணினி வரைந்து காட்டிற்று. அன்று கூரையிலே தொங்கிய கருவி இன்று மூக்குக்கண்ணாடியை நோக்கிச் சுருங்கி வருகின்றது.

ஒரு வழக்கிலே பல சாட்சிகள் ஒரே செய்தியைக் கூறினால் நீதிபதி அதனை நம்புகிறார். ஒருவர் மாறிக் கூறினால் ஐயுறுகிறார். மூளையும் அவ்வாறே. கண், செவி, தோல், உடலின் சமநிலையை உணரும் உட்செவி ஆகிய சாட்சிகள் ஒருமித்து உரைப்பதையே அது உண்மையெனக் கொள்கிறது. இன்று வளர்ந்துவரும் தொழில்நுட்பங்கள் யாவும் இச்சாட்சிகளை ஒருமிக்கச் செய்யும் முயற்சிகளே.

முதலிலே கண்ணைக் கருதலாம். தலை திரும்பியதற்கும் காட்சி திரும்புவதற்கும் இடையே விநாடியின் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் தாமதம் நேருமாயின், பார்ப்பவர் அதனை உணரத் தொடங்குவர். இத்தாமதத்தைக் குறைக்கப் பயன்படும் உத்தி ஒன்று மனிதக் கண்ணின் இயல்பிலிருந்தே பெறப்பட்டது. கண்ணின் நடுப்பகுதி மாத்திரமே பொருளை மிகக் கூர்மையாகக் காண்கிறது. நீட்டிய கையின் பெருவிரல் நகம் மறைக்கும் அளவே அக்கூர்மையின் எல்லை. ஆகவே, சிறிய படக்கருவிகள் விழியின் அசைவைக் கண்காணிக்கின்றன. பார்வை படும் இடத்தை மட்டும் கணினி நுணுக்கமாக வரைந்து, ஏனையவற்றை மேலோட்டமாக விடுகின்றது. 2024இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த அப்பிள் விஷன் புரோ போன்ற கருவிகளில் இம்முறை பயன்படுகின்றது.

அடுத்தது செவி. வலப்புறத்து ஒலி இடச்செவியை அடைவதிலே விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த தாமதம் நேர்கிறது. அச்சிறு வேறுபாட்டையும், செவிமடலின் மடிப்புகளில் ஒலி அடையும் மாற்றத்தையும் கொண்டே மூளை திசையை அறிகிறது. செவிமடல் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆதலின், ஒருவருடைய செவியைப் படமெடுத்து, அவருக்கேற்ப ஒலியை அமைக்கும் முறை இப்பொழுது நடைமுறைக்கு வந்துள்ளது. மட்டக்களப்பு வாவியின் பெயர்பெற்ற ‘பாடும் மீன்’ ஒலியைக் கேட்போரோ துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையைச் செவியிலே பொருத்துவர். ஒற்றைச் செவியில் மரத்தின் வழியாக வரும் அவ்வொலிக்குத் திசையில்லை. 1848இல் அங்கு சென்ற எமர்சன் ரெனன்ற் அதனைக் கேட்டுப் பதிவு செய்தார். 1950களில் யேசு சபைத் துறவியான லாங் அடிகளார் அதனை ஒலிப்பதிவு செய்ய, இலங்கை வானொலி நாடெங்கும் கேட்கச் செய்தது. இருந்த இடத்திலிருந்தே வாவியைக் கேட்கும் பேறு அன்றே தொடங்கிவிட்டது எனலாம்.

மூன்றாவது சாட்சியே முரண்டு பிடிப்பது. கண்ணாடியை அணிந்த முதியவரின் கண்கள் ‘பாதை நகர்கிறது’ என்கின்றன. நாற்காலியில் இருக்கும் அவருடைய உட்செவியோ ‘அசைவில்லை’ என்கின்றது. இம்முரண்பாட்டினாலேயே பலருக்குத் தலைச்சுற்றும் குமட்டலும் உண்டாகின்றன. அசையும் இருக்கைகள் இதற்கு ஒரு மருந்து. செவிக்குப் பின்னே மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி, உடல் சாய்வது போன்ற உணர்வை எழுப்பும் ஆராய்ச்சியும் நடைபெறுகின்றது. தோலுக்கென, விரல்நுனிகளைச் சிறு காற்றுப்பைகளால் அழுத்தும் கையுறைகள் உள்ளன. பாதையின் கம்பியைப் பற்றிய உணர்வை அவை ஒருவாறு தரக்கூடும்.

இவை வெறும் கேளிக்கையோ என்று வினவுதல் இயல்பே. தமிழ்நாட்டிற் பிறந்த நரம்பியல் அறிஞர் விளையனூர் இராமச்சந்திரன் 1990களில் ஓர் எளிய பெட்டியை அமைத்தார். அதனுள் இருந்தது ஒரு கண்ணாடி மாத்திரமே. கையை இழந்தோருட் பலருக்கு அக்கை இன்னும் இருப்பதுபோலத் தோன்றும். அவர்களுட் சிலருக்கு இல்லாத அக்கை கடுமையாக வலிக்கும். அத்தகையோர், நலமுள்ள கையின் நிழலைக் கண்ணாடியிற் கண்டு, இழந்த கையே அசைவதாக உணர்ந்தபொழுது சிலருடைய வலி தணிந்தது. எல்லோருக்கும் அது பயன்தரவில்லையெனினும், அதே நெறியிலே மெய்நிகர்க் கருவிகளும் பின்னர் பரிசோதிக்கப்பட்டன. 2009 வரை நீண்ட போரிலும் கண்ணிவெடிகளாலும் கைகால் இழந்தோர் பலர் வாழும் இலங்கைக்கு இச்செய்தி அயலானதன்று.

ஆயினும், மூளையை நம்பச் செய்யும் ஆற்றல் எவர் கையிலுள்ளது என்பதையும் எண்ணுதல் வேண்டும். விழியைக் கண்காணிக்கும் கருவி, ஒருவருடைய பார்வை எங்கே தங்கிற்று, எதைக் கண்டு விலகிற்று என்பதையும் அறியவல்லது. வாயால் உரைக்காத விருப்பையும் அச்சத்தையும் அப்பதிவிலிருந்து ஊகித்தல் கூடும். அதனை எவர் பேணுவர், எவருக்குக் கொடுப்பர் என்பதற்குத் தெளிவான சட்டங்கள் வேண்டும். மருந்தாகப் பயன்படும் பொருளே அளவும் காவலும் தவறினால் நஞ்சாகும்.

கனடாவிலுள்ள முதியவருக்கு அந்தக் கண்ணாடி கிடைக்குமாயின் அது நற்பேறே. நீரின் ஒளியும், காற்றின் ஓசையும், எதிர்க்கரை நெருங்கிவரும் தோற்றமும் அவருக்குச் சிறிது நேரம் இன்பமளிக்கும். எனினும், பாதையில் அருகே நிற்பவர் ‘எந்த ஊர் ஐயா, யாருடைய மகன்?’ என்று கேட்கும் கேள்வி அதனுள் இராது. அதனைக் கேட்பதற்கு ஊரிலிருந்து ஒருவர் அவரைத் தொலைபேசியில் அழைத்தல் வேண்டும். கண்ணாடியைக் கழற்றியபின் அவர் தம் அறையிலேயே இருப்பார். பாதையில் ஏறியவரோ அம்பிளாந்துறையிற் கரை இறங்குவார்.